புன்னைமேட்டுக்காக ஒரு சிறுகோள்

டீக்கடை வாசலில் பைக்கை நிறுத்தியபோது எங்கள் ப்ளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ‘கதிரேசன் சார் காலமானார்.’ அதற்குக் கீழேயே ஒருவர், இன்று தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டிருந்தார். தண்ணீருக்குத்தான் முதலில் பதில் வந்தது.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டிய கதிரேசன் அண்ணன் எங்கள் பின்வீட்டில் இருந்தவர். குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, கேமராவை அதில் மாட்டி, வானத்தைப் படம் எடுத்தவர். தெருவிளக்கை மறைக்கத் துணிக்கொடியில் கம்பளிகளைத் தொங்கவிடுவார். கத்திரி வெயில் காலத்திலும் கொடியில் கம்பளி தொங்கினால் அண்ணன் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். ஷிஃப்ட் பஸ் போனால் தரை அதிர்ந்து படம் கலங்கும். ஆகவே ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில்தான் எடுப்பார்.

முதன்முதலில் அவர் ஒரு கேலக்ஸியைக் காட்டியபோது, பத்தாவதோடு பள்ளிக்கு விடுதலை கொடுத்த நான், “லென்ஸ்ல தூசிண்ணே, தொடைங்க” என்றேன்.

“அந்தத் தூசிக்குள்ள எத்தினி சூரியன் கெடக்குது தெரியுமா தம்பி?” என்று சிரித்தார்.

அப்படியும் எனக்குப் புத்தி வரவில்லை. என் மகளின் காதுகுத்துக்குப் படமெடுக்க அவரையே அழைத்தேன். ஒரு படத்திலும் யாருக்கும் முகம் இல்லை. “மெதுவா நவுர்றதத்தான் எனக்குப் புடிக்க வரும். உங்க சனம் நிக்கவே மாட்டேங்குது” என்றார்.

அவர் தேடியது சிறுகோள்களை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் பெயர் சூட்ட வாய்ப்பு உண்டாம். அவர் பிறந்த புன்னைமேடு இப்போது சுரங்கத்துக்குள் இருக்கிறது. “கீழ தோண்டிட்டாங்க. மேலயாவது என் ஊரு பேரு சுத்திகினு இருக்கட்டும்” என்பார்.

ஓய்வுபெறும் வருஷத்தில் ஒன்று சிக்கியது. அடுத்தடுத்த படங்களில் ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. தெரிந்த சிறுகோள்கள் எதனோடும் அது ஒத்துப்போகவில்லை. ஆனால் மறுநாளும் அதைப் படமெடுத்து வானியல் மையத்துக்கு அனுப்பினால்தான் கணக்கில் சேரும். அந்த மறுநாள் மாலைதான் ப்ளாக் முனையில் புதிய உயரக் கம்பவிளக்குக்குத் திறப்புவிழா.

விழா நடத்தும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என்னைத் துணைக்கு அழைத்ததிலேயே காரியம் பாதி கெட்டிருக்கும்.

“ஒரு மணி நேரம் கழிச்சிப் போடுங்க சார்” என்றார் அண்ணன்.

“வானம் எங்க ஓடிடப் போவுது?”

“வானம் ஓடாதுங்க. அது ஓடிடும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விளக்கு எரிந்தது, கைதட்டினார்கள். அந்த வெளிச்சத்துக்கு எத்தனை கம்பளி போதும்? படம் முழுக்க வெள்ளையடித்த சுவர் மாதிரி வந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு வானம் தெளிந்தபோது புள்ளி எங்கே போயிற்றென்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸையும் காலி செய்தார். குடிபோன வாடகை வீட்டில் மாடியும் இல்லை, தோட்டமும் இல்லை. தொலைநோக்கி கட்டிலுக்கடியில் கிடந்தது.

நேற்று அந்த விளக்கின் கீழேயே இரங்கல் கூட்டம். “வானத்த நேசிச்ச மனுசர். இந்தக் கம்பத்துக்கே அவரு பேர வச்சிடலாம்” என்றார் செயலாளர். மறுபடியும் கைதட்டல்.

அண்ணி எழுந்தார். “அவரு பேரு வேணாங்க. புன்னைமேடுன்னு வையுங்க.”

செயலாளர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “அப்படி ஒரு ஊரே இப்ப இல்லியேம்மா.”

அண்ணி உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிடம் மௌனம் என்றார்கள். எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

போய் வாருங்கள், அண்ணே.