வெப்பக் குழாய் மேல் ஒரு பாட்டில்

எங்கள் அடுத்த வீட்டு ஷோல்பான் அக்காவுக்கு நெருப்பு மூட்டுவதுதான் வேலை. அந்த நெருப்பை யாரும் பார்த்ததில்லை, அவரும்தான். எங்கள் அக்தாவ் நகருக்கு வடக்கே உள்ள எண்ணெய் வயலில் கச்சா எண்ணெய் தார் போலக் கெட்டி. கிணற்று வழியே காற்றை அழுத்தி இறக்கினால் அடியில் கொஞ்சம் எண்ணெய் மெல்லத் தானே சூடேறி எரியும். அந்தச் சூட்டில் மிச்சம் இளகி அடுத்த கிணற்றுக்கு நகரும். எவ்வளவு காற்று வேண்டும், எப்போது பற்றும் என்பதைச் சமன்பாடுகளாக்கி, கணினியில் ஓட்டிச் சொல்பவர் அக்கா.

நான் ஊர்சுற்றித் திரும்பிய குளிர்காலத்தில், அவர் சொன்ன நாள் கடந்தும் நெருப்பு பற்றவில்லை. நான் அவர் சமையலறையில் இருந்தபோது வயல் தலைவர் குவான்டிக் போனில் அழைத்தார். மாவு தேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, இங்க விட்ட காத்து அடுத்த கிணத்துல அப்படியே வெளிய வருது. இந்த ஸ்டெப் புல்வெளில காத்துக்கா பஞ்சம்? மார்ச்ல நௌரிஸ் பண்டிகை முடிஞ்சதும் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிட்டாங்க.”

நிறுத்தினால் அடியில் சேர்ந்த சூடு ஆறிவிடும். அக்காவின் பல வருட உழைப்பும் அதோடு சரி.

மறுநாள் ஆய்வகத்தில் ஓர் எண்ணெய்ப் பாட்டில் அவர் கண்ணில் பட்டது. குளிரில் எங்கள் எண்ணெய் ஊற்ற வராது. அதனால் சோதனைக்கு முன் மூடியைத் திறந்து, அறையைச் சூடாக்கும் சுவரோர வெப்பக் குழாய் மேல் அதை வைத்திருந்தார். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தது. சூடும் காற்றும் பட்ட அந்த எண்ணெய் சோதனையில் சீக்கிரம் பற்றியது. அந்த வேகத்தைத்தான் கணக்கில் போட்டிருந்தார். புது எண்ணெயை மூடிவைத்து மறுபடி சோதித்தார். அது சோம்பேறி, பற்றும், ஆனால் தாமதமாக.

“தம்பி, தப்பு என்னுது,” என்றார் குவான்டிக்கிடம் போனில். “எண்ணெயப் பாதி சமைச்சுட்டு அப்புறம் சோதிச்சிருக்கேன்.”

“உங்க சமையல் தெரியும்க்கா. கணக்குலயுமா?”

“ஏப்ரல் பாதி வரைக்கும் நிறுத்தாதே. அதுக்குள்ள பத்தலைன்னா நானே வந்து நிறுத்தறேன்.”

“தப்பு என்னுதுன்னு சொல்லி இந்த வயல்ல யாரும் கேட்டதில்லை. சரி, மேல பேசிக்கறேன். ஆனா அதைத் தாண்டினா என் தலைதான் உருளும்.”

ஏப்ரலில் ஒரு மத்தியானம் போன் அடித்தது.

“சுயின்ஷி!” என்று கத்தினார் குவான்டிக். நல்ல சேதி கொண்டுவருபவர் பரிசு கேட்கும் சொல் அது. அக்காவின் கையிலிருந்த மாவு தேய்க்கும் கட்டை தரையில் உருண்டோடியது.

“தர்றேன், சொல்லுடா!”

“வெளிய வர்ற காத்துல ஆக்சிஜன் விழுந்துடுச்சு. கரியமில வாயு ஏறுது. பத்திக்கிச்சுக்கா!”

அக்கா மாவுக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். “என்னடா வேணும்?”

“அந்தப் பாட்டில். என் அலமாரில வெச்சுப் பூட்டிடறேன்.”

அக்கா சிரித்து முடிப்பதற்குள் மேசையிலிருந்த அவர் தேநீர் ஆறிப்போனது. எழுந்து, கோப்பையைச் சமையலறை வெப்பக் குழாய் மேல் வைத்தார்.