குளிர்பெட்டியை மறித்து நின்றவர்

ஒரகடத்தில் எங்கள் மருந்து ஆய்வகத்தின் எலக்ட்ரீஷியன் அவர். காதில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பார். மனித உடலில் கொழுப்பை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிய, நான் குளிர்பெட்டியில் மூன்று மாதமாக அதன் படிகங்களை வளர்த்துவந்தேன். தினமும் பெட்டியின் குளிரைச் சரிபார்த்த பிறகுதான் அவர் டீ குடிப்பார்.

ஆயுதபூஜை வந்தது. "இன்னிக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாது" என்றார் மேனேஜர். எலக்ட்ரீஷியன் பெட்டியை மறித்து நின்றார்.

"உள்ள வளர்ந்துகினு கீது சார். ஆஃப் பண்ணா கரைஞ்சிடும்."

மேனேஜரே சுவிட்சை அணைத்து, பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். விடுமுறை முடிந்து திறந்தால், வெறும் நீர்த்துளிகள்! சொல்பேச்சு கேட்கவில்லை என்று மெமோ யாருக்கு? எலக்ட்ரீஷியனுக்கு!

அநியாயம் என்று இன்றும் கத்துகிறேன். என் படிகங்களுக்காக அவர் வாதாடியபோது, நான் தலைநிமிராமல் பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தேன்.