ஆறாவது ரப்பர் இதழ்

படகுத்துறையில் அந்த மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். வீட்டில் சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறாது என்று மனைவி குத்திக்காட்டுவாள். இருபத்தொன்பது ஆண்டுத் தொழிலில் ஒரே ஒரு பாய்மரப் படகுதான் அவர் தூக்கத்தைப் பறித்தது.

அதன் சொந்தக்காரர் இறந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. காற்று விழுந்த நேரத்தில் என்ஜினும் கொதித்து நின்றது. படகு பாறையில் தட்டியதில் கடலில் விழுந்தவர் பிழைக்கவில்லை. என்ஜின் சூட்டைத் தணிக்கும் கடல்தண்ணீர் வால்வைத் திறக்க மறந்திருப்பார் என்று ஊரே முடிவு கட்டியது. அவர் மகனும் அதையே நம்பி, அப்பாவின் படத்தைக்கூட மாட்டவிடவில்லை.

இப்போது படகை விற்க வேண்டும், என்ஜினை ஓடவைத்தால் போதும் என்று இறந்தவரின் மனைவி கேட்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய வேலை பதினொன்றரைக்குள் முடிந்திருக்க வேண்டும். என்ஜினைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளில் மூன்று கழன்றன. நான்காவது துருவேறித் தலை முறிந்தது. மிச்சத்தை எட்ட, என்ஜினைக் குளிரவைக்கும் பித்தளைப் பெட்டியையும் கழற்ற வேண்டியதாயிற்று. அதற்குமுன் என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தார். மறுபக்கம் யாரோ பிடித்திருப்பதுபோல அது அரைச்சுற்று பின்னுக்குத் தள்ளியது. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் என்று தெரிந்தும் கையை எடுத்துக்கொண்டார்.

பெட்டிக்குள் தண்ணீர் நுழையும் வாயை ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டு அடைத்திருந்தது.

விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு அந்தத் தண்ணீரை இழுக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தை மாற்றியவர் இந்த மெக்கானிக்தான். பழைய சக்கரத்தில் ஆறு இதழுக்கு ஐந்துதான் இருந்தன. உடைந்ததைத் தேடி எடுக்காமல் பம்பை மூடக்கூடாது. தேடத்தான் உட்கார்ந்தார். "போதும் டாக்டர், போய்ச் சாப்பிடுங்க. பசியில முகம் வாடிப்போச்சு" என்றார் சொந்தக்காரர். மெக்கானிக் எழுந்து போய்விட்டார்; திரும்பி வந்தவர் தேடாமலே பம்பை மூடினார்.

சொந்தக்காரரின் அந்தக் குரல் இப்போது மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தார். ஏணியில் இறந்தவரின் மனைவி இறங்கிக்கொண்டிருந்தாள்.

இன்னும் என்ன உடைந்தது என்று கேட்டாள். அவர் மூடிய கையைத் திறந்தார்.

"அவரு மேல தப்பில்லம்மா. வால்வு தெறந்திருந்தாலும் தண்ணி போயிருக்காது. இது நான் தேடாம விட்ட துண்டு."

அவள் அதைத் தொடவில்லை.

"ஆறு மணிக்கு என் மகன் வேலை முடிஞ்சு வருவான். இதை அப்படியே அவன்கிட்ட சொல்லுங்கண்ணே. நான் சொன்னா நம்பமாட்டான்."

அவர் படகைவிட்டு இறங்கவில்லை. பக்கத்தில் அந்தக் குரலுக்குரியவர் உட்கார இடம் விட்டு, ஆறு மணிவரை இருக்கையின் ஓரத்திலேயே ஒடுங்கியிருந்தார்.