மாப்பிள்ளை பார்க்கப் போய் விமானம் ஏறினேன்

1958, விஜயதசமி. காலை 6.40க்கு விழுப்புரத்தில் ரயில் ஏறினேன். புதுச்சேரி இருபத்து நான்கு மைல். என் மகளுக்கு வந்த வரனை, அவனுக்குத் தெரியாமல் பார்த்துவரத்தான் போனேன். பெயர் ராஜவேலு. ஆகாய விமான இஞ்சினியர் என்று தரகர் சொன்னதில் பாதியைக்கூட நான் நம்பவில்லை.

ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷா எட்டணா. "பிளேன் கொட்டாய்க்கா? பத்து ரூபா குடுத்து உசுர வுடப் போறியா சார்?" என்று ரிக்‌ஷாக்காரர் சிரித்தார்.

ஊருக்கு வடக்கே பொட்டலில் ஒரு தகரக் கொட்டகை, அதன் முன் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். பண்டிகைக்காகப் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் சுற்றிக் காட்டினார்கள். இறக்கை வர்ணம் அடித்த துணி. தட்டினால் முறம்போல் ஒலித்தது. முந்தின நாள் ஆயுத பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு எங்கும் காய்ந்திருந்தது. எண்ணெய்ச் சட்டையோடு நின்றவன்தான் ராஜவேலு. போட்டோவில் பார்த்த முகம்.

"இன்றைக்கு இஞ்சினைப் பார்த்தாச்சா தம்பி?"

"தெனம் காலையில பாப்பேன் சார். இன்னிக்கு ஸ்பேனரெல்லாம் சாமிகிட்ட இருக்கு. மத்தியானம் மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். நேத்தே கழுவித் தொடச்சிட்டேன்."

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் வரிசையில் நான்தான் முதல் ஆள். விலகினால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சத்தில் ஏறிவிட்டேன்.

9.10க்குக் கிளம்பினோம். விமானி சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் ஓட்டப் பழகியவராம். அதையும் நான் நம்பவில்லை. கீழே குருசுக்குப்பத்துக் கூரைகள், கடற்கரை மணலில் காயும் வலைகள். ஆறாவது நிமிடம் இஞ்சின் இருமியது, பிறகு நின்றது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"அசையாதீங்க மிசியே, மணல்ல எறக்கிடுறேன்" என்றார் விமானி. இறக்கினார். சக்கரம் மணலை உழுது நின்றது.

ராஜவேலு சைக்கிளில் மூச்சு வாங்க வந்தான்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டான் பங்க்காரன்!" என்று கத்திவிட்டு விமானி சக்கரத்தைப் பார்க்கக் குனிந்தார்.

ராஜவேலு பெட்ரோல் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. அதன் வழியே காற்று போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அதன்மேல் அவன் வைத்த சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் யாருக்கும் தெரியாது. அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பங்க்காரர் இல்லண்ணே. நான் வச்ச பொட்டு. காலையில பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பொட்டு வச்சே ரெண்டு பேருக்கும் பால் ஊத்தப் பாத்தியேடா! சரி, தொடச்சிட்டு வா. கூட்டம் நிக்குது, பறக்கலாம்."

"முழுசாக் கழட்டிப் பாக்காம இது மேல ஏறாது."

சைக்கிளில் போனான். மறுபூஜைக்குக் காத்திராமல் சாமி முன்னாலிருந்த ஸ்பேனர்களை எடுத்துவந்தான். விமானி திட்டத் திட்ட ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துணியில் பரப்பினான். பகல் ஒரு மணி வரை பக்கத்திலேயே நின்றேன்.

"இன்னும் போகலியா சார்? எந்த ஊரு?"

கூச்சத்தை விட்டுச் சொன்னேன்: "விழுப்புரம். பெண்ணோட அப்பா."

ஸ்பேனர் ஒரு கணம் நின்றது. முகம் சிவந்தது. ஆனால் நிமிரவில்லை.

"கொஞ்சம் இருங்க மாமா. இந்த ஒண்ண முறுக்கிட்டு வந்துடுறேன்."

அந்த ஒன்றுக்குப் பிறகு இன்னும் பல இருந்தன. மாலை ரயிலை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.