எலிப்பாய் இல்லாத மேசை

உள்ளங்கையில் பட்ட அந்த மேசைக் கண்ணாடியின் குளிர்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதன்மேல் மவுஸ் வழுக்கியபோது எழுந்த, எவர்சில்வர் தட்டை நகத்தால் சுரண்டுவது போன்ற சத்தமும்கூட. அப்போது நான் எட்டாம் வகுப்பு. தாம்பரத்துக்கும் சேலையூருக்கும் நடுவே இருந்த எங்கள் பள்ளியில் அம்மாதான் எங்களுக்குச் சமூக அறிவியல் ஆசிரியை. பள்ளி கேட்டைத் தாண்டிவிட்டால் நானும் அவளை "மிஸ்" என்றுதான் கூப்பிட வேண்டும்.

அந்த ஆண்டு பள்ளிக்குப் புரொஜக்டர் வந்தது. பெற்றோரை அழைத்து முதல் பாடத்தை நடத்திக் காட்ட யார் தயார் என்று தலைமையாசிரியை கேட்டபோது, மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள, அம்மா மட்டும் "நான் எடுக்கிறேன் மேடம்" என்றாள். அதுவரை அவள் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. பள்ளி விட்டபின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். அங்கே ஒவ்வொரு மேசையிலும் மவுஸுக்கு அடியில் ஒரு நீல ஸ்பாஞ்ச் அட்டை கிடக்கும். நாங்கள் அதை "எலிப்பாய்" என்போம். மேசையில் கோடு விழாமலிருக்கப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். சில வாரங்களில் அம்மா திரை வரைபடத்தில் ஆறுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மலையிலிருந்து கடல்வரை அம்புக்குறியை நடத்திக் காட்டுமளவுக்குத் தேறிவிட்டாள்.

பெற்றோர் வரும் நாளில் கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று தலைமையாசிரியையின் கண்ணாடி போட்ட மேசைமேல் வைத்தார்கள். கூடவே எலிப்பாயும் வந்திருந்தது. ஓரம் கிழிந்து, கைவியர்வையில் கறுத்துப்போயிருந்த அதை அம்மா இரண்டு விரலால் தூக்கி, "பெரியவங்க வர்ற இடத்துல இந்த அழுக்கு எதுக்கு?" என்று ஜன்னலோரம் போட்டாள். கம்ப்யூட்டர் சார் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்.

பாடம் தொடங்கியது. சுவரில் இந்திய வரைபடம் விரிந்தது, கைதட்டல்கூட எழுந்தது. அம்மா மவுஸை நகர்த்தினாள். அம்புக்குறி நின்ற இடத்திலேயே நடுங்கியது, பிறகு சட்டென்று பாய்ந்து இலங்கைக்குக் கீழே கடலில் போய் நின்றது. கங்கையைத் திறக்கப் போனால் பாகிஸ்தானுக்குத் தாவியது. "மிஸ், எலி ஓடுது மிஸ்!" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கத்த, பிள்ளைகளோடு பெற்றோரும் சிரித்தார்கள். அம்மா கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து மறுபடி முயன்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. பிரவுசிங் சென்டருக்கெல்லாம் போய் வருகிறவள் என்ற மிதப்பில் முன்னால் ஓடி, "தள்ளுங்க மிஸ், உங்களுக்குத் தெரியல" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, அவள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினேன். அம்புக்குறி எனக்கும் அடங்கவில்லை. துள்ளியது, மறைந்தது, மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. "அம்மாவும் பொண்ணும் சரியான ஜோடி" என்று யாரோ சொன்னது இருவருக்குமே கேட்டது. கடைசியில் தலைமையாசிரியை எழுந்து வந்து, "போதும் மிஸ், போர்டுலயே எடுத்துடுங்க" என்றார். அம்மா சாக்பீஸை எடுத்துப் போர்டில் கங்கையை வரைந்தாள். கோடு கோணலாக விழுந்தது.

ஊரிலிருந்து திரும்பிய கம்ப்யூட்டர் சார், எல்லாவற்றையும் பழையபடி அறையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே வேலை செய்யுது மிஸ்" என்றார். அவர் கள்ளமில்லாமல் சொன்னதுதான். ஆனால் குற்றம் தன் கையில்தான் என்று அம்மா அன்றே முடிவுகட்டிவிட்டாள். அடுத்த ஆண்டு, கம்ப்யூட்டர் பாடமே இல்லாத மூன்றாம் வகுப்பைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்க மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அங்கும் கண்ணாடி மேசை. என் முழங்கை இடித்து எலிப்பாய் கீழே விழ, அம்புக்குறி அதேபோலத் துள்ளியது. எனக்கு முகம் சுட்டது. எடுத்துப் போட்டேன், நின்றது. எடுத்தேன், துள்ளியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள், "இன்னாம்மா விளையாடிகினு கீறே?" என்று சத்தம் போட்டார்கள். மார்க்கைச் சரியாகப் பார்க்காமல்கூட வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, தப்பு உன் கையில இல்ல. அடியில சிவப்பு லைட் எரியுற அந்த மவுஸ் கண்ணாடில ஓடாது. அந்தப் பாய் இருந்திருந்தா..." என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். கத்தியை வைத்துவிட்டு, நறுக்கிய வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு, "நான்தானே அதை எடுத்துப் போட்டேன்" என்றாள். நாளைக்கே தலைமையாசிரியையிடம் சொல்வோம் என்று நான் குதித்தபோது, அவசரமாக என் கையைப் பிடித்தாள். "யார்கிட்டயும் சொல்லாதடி. ஒரு கிழிஞ்ச பாய் இல்லாததுக்கா மிஸ் கிளாஸையே விட்டுட்டுப் போனாங்கன்னு, இன்னும்தான் சிரிப்பாங்க."

நான் சொல்லவில்லை.

இப்போது சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மவுஸுக்கு அடியில் பேட் போட்டால் வேகம் கூடுமா, காசுக்குக் கேடா என்று கேன்டீனில் இளைஞர்கள் வாதாடும்போது நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். அந்தப் பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். பள்ளியை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அம்மா ஓய்வு பெறும்வரை பெரிய வகுப்புகளின் பக்கம் திரும்பவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் மார்க்கெட்டில், கையில் குழந்தையோடு யாராவது ஓர் இளைஞன் ஓடிவந்து, "நீங்க மூணாங்கிளாஸ் மிஸ்தானே?" என்று கேட்பான். "ஆமாப்பா" என்று சிரித்து, அம்மா குழந்தையின் கன்னத்தைத் தட்டுவாள். அவன் என்னையும் பார்த்துச் சிரிப்பான். நான், அன்று மவுஸைப் பிடுங்கிய கையிலிருக்கும் காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பேன்.