சாப்பாட்டு நேரம் கேட்ட கம்பெனி

கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த நிதி நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் என்னிடம் நிதி பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு முன்னால் போன தோழியை வட்டி விகிதம், வாராக்கடன் என்று வறுத்தெடுத்திருந்தார்கள். என் முறை வந்தபோது, திண்டிவனம் கிளை மேலாளர் என் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேல்சித்தாமூரா? அப்ப நயினார் வீட்டுப் பொண்ணு. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுவீங்க இல்ல?"

ஆமாம் என்றேன்.

"ஒண்ணும் பேஜாரு இல்லம்மா. உங்க நேரத்துக்கு அனுப்பிடறோம்."

அவ்வளவுதான், இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது. நானும் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் தமிழ்ச் சமணர்களை நயினார் என்பார்கள். இருட்டிய பிறகு சாப்பிட மாட்டோம் என்பது ஊருக்கே தெரியும். பொய் சொல்ல மாட்டோம் என்றும் ஒரு பேர் உண்டு. என் தம்பியோடு ஒரு நாள் இருந்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

விழுப்புரத்தில் விடுதிக்குத் திரும்பியதும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. கேட்காமலே சலுகை கொடுக்கிற கம்பெனி எங்கே இருக்கிறது? பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், சீட் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு உட்காருகிற ஆள் நான். தோழிக்கு எரிச்சல். அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

"லட்டு மாதிரி ஆஃபர்டி. நீ என்னடான்னா நோண்டிக்கினே இருக்கே. வேணாம்னு சொன்னா காலேஜ்ல வேற எந்தக் கம்பெனிக்கும் உக்கார உட மாட்டாங்க, தெரியும் இல்ல?"

தெரியும். ஒரு முறை ஒப்புக்கொண்டு விலகினால் அந்த வருடம் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இரண்டு வருட எம்.பி.ஏ. படிப்பே இதற்காகத்தான். அதனால், சேர்வதற்கு முன் ஆபீசை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

மேலாளர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். காபி வரவழைத்தார். அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. அப்போது ஒரு விவசாயியும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். ஏதோ சேமிப்புத் திட்டம்; முன்பே இரண்டு தடவை வந்து, யோசிப்பதாகச் சொல்லிப் போனவர்களாம். மேலாளர் அவர்களை என் பக்கம் திருப்பினார்.

"இவங்களையே கேளுங்க. மேல்சித்தாமூர் நயினார் வீட்டுப் பொண்ணு. நம்மகிட்டதான் வேலைக்கு வர்றாங்க."

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. நாற்காலியை என் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நயினார் வீட்டுப் புள்ளையா? நீ சொல்லும்மா, இதுல போடலாமா?"

அந்தத் திட்டத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தை ஏன் கேட்டார்கள் என்பது அப்போது புரிந்தது. மேலாளர் சிரித்த முகத்தோடு எனக்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் இன்னும் சேரவே இல்ல" என்றேன்.

அந்த அம்மா கணவரிடம் திரும்பினார். "பாத்தியா? தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுது. இவங்க இருக்கிற எடத்துல தப்பு நடக்காது" என்றவர், அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

 தெரியாது என்று சொன்னதே விற்றுக் கொடுத்துவிட்டது. படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திட்டம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் நல்லதா கெட்டதா என்று தெரியாமலே நான் தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் அங்கே என் வேலை.

மறுநாள் விலகுவதாகச் சொன்னேன். கல்லூரியில் சொன்னபடியே கதவைச் சாத்தினார்கள். மேலாளர் போனில் கோபப்படவில்லை. "நயினார் வீட்டுப் பொண்ணு பேச்சு மாறலாமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் அன்று அழுதேன்.

வார விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். அப்பா மல்லாட்டை வியாபாரி; நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சுற்றுப்பட்டு ஊர்களில் வாங்கி திண்டிவனத்துக்கு அனுப்புவார். வந்த வேலையை உதறிவிட்டேனே என்று முதலில் கத்தினார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அந்த அம்மா கையெழுத்துப் போட்ட இடம் வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"எங்கிட்ட மல்லாட்டை போடறவங்களும் எடை மெஷினைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லம்மா. நயினார் எடைன்னு உட்டுட்டுப் போய்க்கினே இருப்பாங்க" என்றார்.

பெருமையாகச் சொன்னாரா, வேறு எதையாவது சொல்ல வந்தாரா, தெரியவில்லை. நீங்க சரியாத்தானேப்பா போடறீங்க என்ற கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அப்பாவைப் பற்றி எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. நான் கேட்கவில்லை. கேட்டுவிடுவேனோ என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.