நகர்ப்பால்

நகர் என்றதும் மாடிவீடும் கடைத்தெருவும் என்று யாரும் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்களுக்குக் கம்மாபுரம் பக்கம் ஒரு பழைய ஊரையொட்டி மனை பிரித்துக் கொடுத்தார்கள். வரிசையாக வீடு, சுற்றி முள்வேலி, நுழையும் இடத்தில் ஒரு பலகை. பலகையில் என்னவோ ஒரு நகர் என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவர்கள் ஊர்க்காரர்கள், நாங்கள் நகர்க்காரர்கள். ரேஷன் கடையானாலும் தண்ணீர்க் குழாயானாலும் ஊர் முதலில், நகர் அப்புறம். யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான் நடந்தது. எனக்கு அது அப்போதிருந்தே எரிச்சல்.

பால் ஊற்றுகிற சென்டரிலும் அதே கதைதான். ஊர்ப்பால் முழுக்க வாங்கி முடித்த பிறகுதான் நகர்ப்பால். எங்கள் வீடு நகரின் கோடிவீடு. அதனால் என் அண்ணி எல்லோருக்கும் பின்னால் நிற்பாள். அண்ணன் லாரி ஓட்டப் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. ஒற்றை ஜெர்சி மாட்டை வைத்துக்கொண்டு வீட்டை நடத்தியது அவள்தான். நான் செராமிக் படித்ததும் அந்தப் பாலில்தான்.

செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது அது. எனக்கு விருத்தாசலம் தொழிற்பேட்டையில் வேலை. ஷெட்டுக்கு ஷெட் பீங்கானில் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் சுட்டுக்கொண்டிருக்க, ஒரு ஷெட்டில் மட்டும் சின்னச் சின்ன அளவுக் கருவிகள் செய்தோம். முதலாளி, ஒரு மெக்கானிக், நான், அவ்வளவுதான் கம்பெனி. பாலை ஊற்றும்போதே அதில் சத்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடும் ஒரு டப்பா செய்ய வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. டிபன் பாக்ஸ் அளவைத் தாண்டக் கூடாது என்பது அவர் பிடிவாதம்.

புனலில் ஊற்றிய பால் குழாய் வழியாகக் கேனுக்குப் போகும். போகிற வழியில் ஒரு கண்ணாடிப் பட்டகத்தை உரசிக்கொண்டு போகும். பாலுக்குள் வெளிச்சத்தை விட்டுப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, வெள்ளையில் எல்லாம் சிதறிவிடும். அதனால் பட்டகத்துக்கு அடியில் ஒரு சிவப்பு எல்.இ.டி. வைத்து, கண்ணாடியும் பாலும் தொட்டுக்கொள்ளும் இடத்திலேயே வெளிச்சத்தைத் திருப்பி எடுத்தோம். திரும்பி வருவதில் வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு விழும். பால் கெட்டியாக இருந்தால் கோடு ஒரு பக்கம் நகரும், தண்ணீர் கலந்திருந்தால் மறுபக்கம் நகரும். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் நான் எழுதியது.

டப்பாவின் உடம்பைப் பீங்கானில் செய்தோம். இரும்பென்றால் வெயிலில் சூடேறிக் கோடு தள்ளிப்போகும். பீங்கானுக்கு வேறு வியாதி, சூளையில் சுருங்கும், எவ்வளவு சுருங்கும் என்பது அதன் இஷ்டம். பட்டகம் உட்காரும் குழி ஒரு தடவை இறுக்கமாக வரும், மறு தடவை லொடலொடவென்று வரும். சுட்டு எடுத்ததில் பாதியை உடைத்துக் கொட்டினோம். ஒன்று ஒழுங்காக அமைந்தபோது அதைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். சோதனைக்கு எங்கள் சென்டரில்தான் முதலில் வைக்க வேண்டும் என்று முதலாளியிடம் மல்லுக்கட்டியவளும் நான்தான். பாலில் மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரை ஆளுக்குத் தகுந்த மாதிரி பார்க்கிறார்கள் என்று நகரில் எப்போதும் ஒரு குறை உண்டு. மெஷினுக்கு ஊரும் தெரியாது, நகரும் தெரியாது என்று அண்ணியிடம் பீற்றிக்கொண்டேன்.

வைத்த கொஞ்ச நாளிலேயே வினை வந்தது. ஊர்ப்பால் எல்லாம் நன்றாகக் காட்டிய டப்பா, நகர்ப்பால் வந்ததும் தண்ணீர் காட்டியது. அதிலும் அண்ணியின் பாலுக்குத்தான் அதிகம். சென்டரில் அளப்பவர் திரையில் வருவதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பார். அது அவர் வழக்கம்.

"என்னாம்மா, நகர்ப்பாலு மறுபடியும் தண்ணி காட்டுது. இப்படியே இருந்தா நிறுத்திப்புடுவோம், சொல்லிட்டேன்."

பாலை நிறுத்தினால் மாட்டை விற்க வேண்டியதுதான். மாடு போனால் வீடு படுத்துவிடும். அதைவிட, தண்ணி ஊற்றுகிறவள் என்று பேர் விழுந்துவிட்டால் வேறு எந்த சென்டரிலும் அவள் பாலைத் தொடமாட்டார்கள். அண்ணி என்னிடம் சண்டை போடவில்லை. "கேனைக் கழுவிக் கவுத்து வெச்சு, சொட்டுத் தண்ணி இல்லாம வடிஞ்சப்புறம்தான் பாப்பா கறக்கறேன். உன் மெஷினு ஏன் இப்படிச் சொல்லுது?" என்று மட்டும் கேட்டாள். முதலாளியிடம் சொன்னால், "உங்க அண்ணின்னு நீ பாக்கற. மெஷின் அப்படிப் பாக்காது" என்றார். நான் சொன்ன வசனத்தையே என்னிடம் திருப்பிச் சொல்கிறார் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு நாள் அண்ணி யாரிடமும் சொல்லாமல் மாட்டையே சென்டருக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஊர்ப்பால் முடியும்வரை வேப்பமரத்தடியில் நின்றாள். தன் முறை வந்ததும் எல்லோர் கண்ணெதிரிலும் உட்கார்ந்து கறந்து, சூடு ஆறாத பாலைப் புனலில் ஊற்றினாள். டப்பா தண்ணீர் காட்டியது.

அப்புறம் அளப்பவர் சொன்னார்: "வர்றப்ப மாட்டுக்கு வயிறு முட்டத் தண்ணி காட்டிட்டு வந்திருப்ப."

"ஏண்ணே, மாடு என்னா புனலா? மேல ஊத்துனா கீழ வர்றதுக்கு?" என்றேன். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, பொய் சொல்வது டப்பா என்று.

கூட்டம் கலைந்ததும் டப்பாவைத் திறந்தேன். பட்டகத்தைத் தொட்டால் விரல் வழுக்கியது. மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய்.

எங்கள் பக்கம் காம்பில் விளக்கெண்ணெய் தடவாமல் யாரும் பால் கறப்பதில்லை. ஊரிலும் அப்படித்தான், நகரிலும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம் என்பதாலேயே அது என் புத்தியில் படவில்லை. ஷெட்டில் நாங்கள் சோதித்ததெல்லாம் பாக்கெட் பால். சென்டரில் காலையில் ஒரு தடவை டப்பாவைச் சோடா போட்டுக் கழுவுவார்கள். அதற்குப் பிறகு ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் பச்சைத் தண்ணீர்தான். பச்சைத் தண்ணீருக்கு விளக்கெண்ணெய் போகுமா? ஒவ்வொரு வீட்டுப் பாலிலும் துளித்துளியாக வந்த எண்ணெய் கண்ணாடியில் படிந்து கோட்டை மங்கலாக்கியது. மங்கிய கோட்டை என் புரோகிராம் தண்ணீர்ப் பக்கம் தள்ளி வைத்துப் படித்தது. கடைசியில் யார் ஊற்றினாலும் தண்ணீர்தான் காட்டும். கடைசியில் எப்போதும் நாங்கள்தான் ஊற்றினோம்.

நான் சொன்னதும் முதலாளி சட்டென்று பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பாலுக்கும் நடுவில் சோப்புத் தண்ணீர் ஓடுகிற மாதிரி மாற்றிவிடலாம், வெளியே மூச்சு விடாதே என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சத்தமில்லாமல் சரிசெய்தால் என்ன பேசுவார்கள்? பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள் என்பார்கள். அண்ணிக்கு அந்தப் பேர் ஆயுசுக்கும் நிற்கும். எல்லோர் முன்னாலும் விழுந்த பழி எல்லோர் முன்னாலும்தான் போக வேண்டும் என்று எனக்கு வெறி.

அளப்பவரிடம் போய்க் கேட்டேன். "மெஷினைச் சோதிக்கணும்ண்ணே. ஒரே ஒரு நாளு நகர்ப்பாலை முதல்ல வாங்குங்க."

முனகிக்கொண்டே சம்மதித்தார். அன்றைக்கு அண்ணி எல்லோருக்கும் முதலில் ஊற்றினாள். டப்பா அருமையான பால் என்றது. அவரும் உரக்கப் படித்தார். நகர் முடிந்து ஊர் வந்தது. பாதி ஊர் தாண்டியதும் எண் இறங்க ஆரம்பித்தது. கடைசியாக ஊரில் பெரிய வீட்டுப் பால் வந்தது. தண்ணீர்.

அவர் படிக்கவில்லை. திரையைப் பார்த்தார், டப்பாவை இரண்டு தட்டு தட்டினார், மறுபடியும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மெஷினு கெட்டுப்போச்சும்மா. எடுத்துட்டுப் போ" என்றார்.

"கெட்டுப்போகலண்ணே. இதே மெஷினுதான் எங்க அண்ணி பால்ல தண்ணின்னு சொல்லிச்சு. எண்ணெ படிஞ்சா கடைசியில யாரு ஊத்துனாலும்..."

"அதான் கெட்டுப்போச்சுங்கறனே."

"அப்ப எங்க அண்ணி தண்ணி ஊத்தலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் எப்பம்மா ஊத்துனான்னு சொன்னேன்? மெஷினுதான சொல்லிச்சு?" என்றார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார் என்பதுதான் என்னை அதிகம் சுட்டது. பெரிய வீட்டுக்காரர் தன் கேனை எடுத்துக்கொண்டு போனார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் லாக்டோமீட்டர் வந்துவிட்டது, வரிசையும் பழையபடி வந்துவிட்டது. நான் வேலைக்குப் போகாமல் அண்ணியோடு போய் நின்றேன். ஊர் முழுக்க ஊற்றி முடிந்து, நகரும் முடிந்து, அவள் முறை வந்தது. அளப்பவர் லாக்டோமீட்டரைப் போட்டுப் பார்த்தார். பால் நன்றாகவே இருந்தது. அவருக்கு அன்று நல்ல மனநிலை.

"என்னாம்மா, இன்னைக்குத் தண்ணி கம்மியா ஊத்திட்டியா?" என்றார்.

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியும் சிரித்தாள்.

"ஆமாண்ணே. இன்னைக்குக் குழாயில தண்ணி வரல" என்றாள்.

சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. அவள் காலிக் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். முள்வேலி வரைக்கும் நான் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் கத்திவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னீங்க, ஊத்தாத தண்ணிய ஏன் ஊத்துனேன்னு ஒத்துக்கிட்டீங்க என்று கேட்டேன்.

அண்ணி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்கும் அவருகிட்டதான பாப்பா ஊத்தணும்."